எழுப்பாதீங்க, பாவம்

“போனக் கொடுத்தாத்தாம்மா உள்ள விட முடியும்” என்றாள் வாசலில் நின்ற வெள்ளைச் சட்டைப் பெண். அவள் சொன்ன விஷயத்தைவிடச் சொன்ன விதம்தான் பெரியவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுகிற குரல்.

“வீட்ல எங்கப்பா இழுத்துக்கிட்டுக் கிடக்கார். என் தம்பி உள்ள இருக்கான். உங்கள மாதிரியே வெள்ளைச் சட்டை போட்ட தொண்டன்தான் அவனும். அவனக் கூப்பிட்டு விட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன். உள்ள வந்து உட்காரணும்னு எனக்கென்ன வேண்டுதலா?”

அந்தப் பெண் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். “கோபப்படாதீங்கம்மா.”

“நான் எங்க கோபப்பட்டேன்?” என்று பெரியவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கருணையைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் அல்லவா, அவளைக் கருணையோடுதான் பார்த்தார்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சண்டை போடுவதற்கும் ஒரு ஆள் வேண்டும். ஆஸ்பத்திரி கவுண்டரில் இருப்பவர்களென்றால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார்கள். இவளும் கொடுப்பாள். கடைசியில் காரியம் நடந்துவிடும். இங்கே என்ன எறிந்தாலும் பஞ்சு மூட்டையில் போய் விழுந்தது.

வெளிநாட்டிலிருந்து ஒரு புத்த குரு வந்திருந்தார். பேச்சின் தலைப்பே ‘கருணை’தான். ஒரு மாதமாக ஊர் முழுக்கச் சுவரொட்டிகளில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதில் பாதியைப் பசை வாளியும் கையுமாக அலைந்து ஒட்டியவன் சின்னவன், பெரியவளின் தம்பி. மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருக்கிறான். நாலு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் வாயைத் திறந்தால் வசவுதான். பெண்டாட்டி பிரிந்து போன பிறகு யாரோ கூப்பிட்டார்கள் என்று இவர்களுடைய தியான வகுப்புக்குப் போனான். அன்றிலிருந்து நாற்காலியில் எறும்பு இருக்கிறதா என்று ஊதிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறான். நல்ல விஷயம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் உலகத்து உயிர்களுக்கெல்லாம் இரங்குகிறவனுக்கு அப்பாவின் மூத்திரப் பையை மாற்ற மட்டும் நேரம் கிடைப்பதில்லை. அது பெரியவளின் இலாகா. பகலில் பல்செட் செய்கிற வேலை, ராத்திரியில் அப்பா.

அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். உடம்பு நன்றாக இருந்தவரைக்கும் மகனுடைய கூட்டத்தை ‘மொட்டைப் படை’ என்றுதான் சொன்னார். “கண்ண மூடிக்கிட்டு உட்கார்ந்தா கருணை வந்துடுமா? மைதானத்தச் சுத்தி ஓடுடா, தானா வரும்” என்பார். மகன் கைகூப்பிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கண்டால் கிழவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்படியே போய், இந்த வருஷம் முழுக்க இரண்டு பேருக்கும் சரியாகப் பேச்சு வார்த்தை இல்லை.

நேற்றிலிருந்து அப்பாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. வரும்போதெல்லாம் அவர் மைதானத்தில் இருந்தார். இல்லாத விசிலைத் தேடிக் கை கழுத்துக்குப் போனது. “சின்னவன் இன்னும் ரவுண்ட முடிக்கலையா?” என்று கேட்டார். சின்னவன் படித்ததும் அதே பள்ளிக்கூடத்தில்தான். ஓட்டத்தில் எப்போதும் கடைசி. “முடிச்சிடுவான்ப்பா” என்றாள் பெரியவள். “அவன் வரட்டும். அதுவரைக்கும் யாரும் மணி அடிக்கக் கூடாது” என்றார் அப்பா.

காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “பார்க்க வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். சின்னவனின் போன் அணைந்திருந்தது. விடிவதற்கு முன்பே நாற்காலி போடக் கிளம்பிவிட்டான். அப்பாவுக்கு முடியவில்லை என்று முதல்நாளே அவனிடம் சொல்லித்தான் இருந்தாள். “போன தடவை டாக்டரே கைய விரிச்சப்பவும் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்ல?” என்று அவன் கேட்டதும் பொய்யில்லை. டாக்டரை ஏமாற்றுவதில் அப்பாவுக்கு அனுபவம் இருந்தது.

இந்தத் தடவை அப்படியில்லை என்று பெரியவளுக்குத் தெரிந்தது. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிற நர்ஸம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தக் கட்டிலுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். ‘வந்துட்டான்ப்பா’ என்று சொல்ல வேண்டும். அப்புறம் மணி அடிக்கட்டும், அடிக்காமல் போகட்டும்.

போனைக் கொடுத்தாள். துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டு, கையில் ஒரு டோக்கன் தந்தார்கள்.

“குரு பேசிக்கிட்டிருக்கும்போது நடுவுல யாரும் குறுக்க நடக்கக் கூடாதும்மா. உங்க தம்பி முன்வரிசைப் பக்கம் இருக்கார். நான் ஆள் மாத்தி ஆளா உள்ள சொல்லி அனுப்பறேன். நீங்க இந்த ஓரத்து சீட்லயே இருங்க, அவரே வந்துடுவார்” என்றாள் அந்தப் பெண். அப்பாவின் நிலைமையைக் கேட்டு உண்மையாகவே அவள் கண் கலங்கியிருந்தது. அதையும் சும்மா சொல்லக் கூடாது.

“சீக்கிரம்மா” என்றாள் பெரியவள்.

உள்ளே ஏசி ஓடியது. நாற்காலிகள் மெத்தை வைத்தவை. மேடையில் காவித்துணி போர்த்திய கிழவர் ஒருவர் சம்மணம் போட்டிருந்தார். அவர் தலைக்கு மேலே திரையில் அவர் முகம் ஒரு வீடு அளவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். குரு தன் பாஷையில் நீளமாக ஏதோ சொல்லி, கையை ஆட்டி, குலுங்கிச் சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாம் எல்லோரும் மகிழ்ச்சியையே விரும்புகிறோம்” என்றார். அவ்வளவுதான். இதற்கா அவ்வளவு நேரம் சிரித்தார்? அடுத்து குரு ஒரே ஒரு சொல் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே போனார். எந்தப் பேச்சும் இரண்டு தடவை நடந்தது. எல்லாவற்றுக்கும் இரட்டை நேரம். ஒரு ஆளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது இப்படியா நிதானமாகக் கருணை காட்டுவார்கள்?

முன்வரிசைப் பக்கம் வெள்ளைச் சட்டைகள் நிறைய நின்றன. எல்லாம் ஒரே முதுகு. எந்த முதுகும் திரும்பவில்லை.

வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்தாள். தொழில் புத்தி எங்கே போகும், முதலில் கண்ணில் பட்டது பல். குருவின் மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். அதுவும் யாரோ அவசரத்தில் செய்தது. சிரிக்கும்போது அது ஒரு நூல் அளவு கீழே இறங்கியது, நாக்கால் தள்ளி ஏற்றிக்கொண்டார். ஈறு புண்ணாகியிருக்கும், சாப்பிடும்போது உயிர் போகும். இத்தனை பேர் கூடவே சுற்றுகிறார்களே, ‘சாமி, பல்லைக் கொஞ்சம் கழற்றிக் கொடுங்க, சரி பண்ணிக் கொண்டுவர்றோம்’ என்று சொல்ல ஒருத்தருக்குத் தோன்றவில்லையா? இவர்களாம், கருணையாம்.

“பிறருடைய வலியைப் பார்க்கும்போது...” என்று மொழிபெயர்ப்பாளர் ஆரம்பித்தார். பெரியவள் கழுத்தை எட்டி முன்னால் பார்த்தாள். வரவில்லை. நாற்காலியின் முதுகு உயரமாக இருந்தது. கழுத்து வலித்தது. மாதக்கணக்கில் அப்பாவின் இருமலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே படுத்த கழுத்து. அவன் வருகிற வரைக்கும் என்று தலையைச் சாய்த்தாள்.

கண் விழித்தபோது யாரோ எதையோ உடைப்பது போலச் சத்தம் கேட்டது. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். திரை வெள்ளையாக இருந்தது. மேடையில் ஒருவன் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் மேல் ஒரு சால்வை போர்த்தியிருந்தது. பக்கத்து நாற்காலியில் சின்னவன், கையை மடியில் வைத்துக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்பாக உட்கார்ந்திருந்தான்.

“நல்லாத் தூங்கினேக்கா” என்றான்.

அவளுக்கு ஒரு நிமிஷம் எந்த ஊர், என்ன நாள் என்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் சால்வையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எப்ப வந்தே?”

“ஆரம்பத்துலயே வந்துட்டேன். அக்கா வந்திருக்காங்கன்னு சொன்னாங்க, ஓடி வந்தேன். வந்து பாத்தா நீ தூங்கிட்டிருக்கே. பக்கத்துல இருந்தவர் உன்னத் தட்டப் போனார். நான்தான், எழுப்பாதீங்க, பாவம், வீட்ல தூக்கமே கிடையாதுன்னு சொன்னேன். கேள்வி பதில் முடிஞ்சு ஜனம் கலைஞ்சப்ப கூட, இந்த வரிசைய மட்டும் கடைசியா எடுங்கன்னு சொல்லி வெச்சேன்.” அவன் குரலில் அப்படியொரு பெருமை. “நாலு வருஷமாக் கூப்பிடறேன், இன்னைக்குத்தான் உனக்கு வரணும்னு தோணியிருக்கு. பேச்சக் கேக்காட்டிப் போகுது. உன் முகத்துல இப்படி ஒரு நிம்மதிய நான் பாத்ததே இல்லக்கா.”

“உங்கிட்ட என்னடா சொன்னாங்க?”

“அதான், அக்கா வந்திருக்காங்கன்னு.”

“அப்பாவப் பத்தி?”

அவன் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, போக வழி தெரியாமல்.

வாசலில் அந்தப் பெண் விக்கி விக்கிச் சொன்னாள். அவ்வளவு பெரிய விஷயத்தை நாலு வாய் மாறி, அதுவும் காதோடு காதாகப் போய்ச் சேருவது கொடுமை என்று நினைத்தாளாம். அக்கா வாயால் கேட்டால் தாங்கிக்கொள்வார் என்று, ‘அக்கா வந்திருக்காங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பினாளாம். “நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா...” என்று பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் நல்லதுதான் நினைக்கறீங்க. ஒருத்தர் இருந்தாப் போதும், கெட்டது நினைக்கறவங்க. எங்கப்பாவ மகன் பாத்திருப்பான்” என்றாள் பெரியவள்.

போன் வாங்கும் இடத்தில் வரிசை இன்னும் தீரவில்லை. சின்னவன் ஒவ்வொருவரையும் கும்பிட்டு, “கொஞ்சம் அவசரங்க” என்றான். அவர்களும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். கும்பிடு போட்டு முடிவதற்குள் விடிந்துவிடும் போலிருந்தது. பெரியவள் அவனை விலக்கிவிட்டு எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் போனாள். போனை உயிர்ப்பித்ததும் நர்ஸம்மாவின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. திருப்பிக் கூப்பிட்டாள்.

“அவசரமில்லம்மா” என்றாள் நர்ஸம்மா. “மெதுவா வாங்க.”

காலையிலிருந்து சீக்கிரம், சீக்கிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த மெதுவாவைக் கேட்டதும் அங்கேயே நின்றாள். போனைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் காதில் வைத்தான், கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

ஆட்டோவில் அவன் அழுதான். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. பெரியவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. டிரைவர் குழியில் விட்டதற்குத் திட்டினாள். தம்பியின் சட்டையில் ஒரு பொத்தான் போடாமல் இருந்ததற்குத் திட்டினாள். “இப்படித்தான் ஊர் முன்னாடி போய் நின்னியா?” என்றாள். அவன் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒன்று மட்டும் அவளை விடாமல் குத்தியது. உடம்பு லேசாக இருந்தது. கண் எரியவில்லை, தலை கனக்கவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தூங்கி எழுந்த மனுஷி மாதிரி இருந்தாள். அந்தச் சுகத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. யாரிடமாவது திருப்பிக் கொடுத்துவிட முடிந்தால் கொடுத்திருப்பாள்.

நர்ஸம்மா எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தாள். தலை வாரி, வெள்ளைப் போர்வை கழுத்து வரைக்கும் இழுத்து, வாய் விறைப்பதற்குள் பல்செட்டையும் மாட்டியிருந்தாள். பெரியவள் செய்த செட் அது. சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. வாழ்நாளில் அப்பா அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாளும் முணுமுணுக்காமல் இருந்ததில்லை. இப்போது ஒரு குறையும் சொல்லவில்லை.

சின்னவன் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றான். நேராக நின்றான், கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் நின்றதற்குப் பிறகு அவன் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை. ‘வந்துட்டான்ப்பா’ என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

நர்ஸம்மா அவன் தோளைத் தொட்டு, “கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டாருங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அடுப்படியில் பெரியவளிடம், “கடைசியில உங்களத்தாம்மா கேட்டார், பெரியவ எங்கேன்னு” என்றாள்.

“நர்ஸம்மா.”

“சொல்லுங்க.”

“இப்பதான் அவன்கிட்ட வேற சொன்னீங்க.”

நர்ஸம்மா அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தாள். “எல்லா வீட்லயும் அப்படித்தான் சொல்றதும்மா.”

“எனக்கு நெசத்தச் சொல்லுங்க.”

“நீங்க போன கொஞ்ச நேரத்துல தூங்கினார். அசந்த தூக்கம். அப்படியே போயிட்டார். யாரையும் கேக்கல, ஒண்ணும் சொல்லல.” பிறகு தயங்கி, “நல்ல சாவும்மா” என்றாள்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்தது. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், தெருக்காரர்கள், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை வந்ததும் வராததுமாக அண்ணன் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, சுற்றிலும் பார்த்து, சின்னவனிடம் வந்து நிறுத்தினாள்.

“பெத்தவன் இங்க உயிருக்குப் போராடறான், நீ அங்க நாற்காலி போட்டுக்கிட்டு நிக்கறியா? அக்காக்காரி வந்து கூப்பிட்டும் வரலியாமே?”

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“வாயத் திறடா. அவ நேர்ல வந்து நின்னா இல்லையா?”

“வந்தா, அத்தை.”

“அப்புறம்?”

“என் தப்புதான்” என்றான் சின்னவன்.

அவ்வளவுதான் சொன்னான். பெரியவள் காத்திருந்தாள். அக்கா தூங்கிட்டா என்று அவன் சொல்லட்டும். ‘ஏண்டா எழுப்பல’ என்று எல்லோரும் கேட்கட்டும். அவளும் ஒரு பிடி பிடிக்கலாம். சேர்ந்து கூட ஒரு சண்டை போடலாம். அவன் சொல்லவில்லை. பழைய சின்னவன் என்றால் இந்நேரம் வீட்டை இரண்டாக்கியிருப்பான், அக்காவின் தூக்கத்தைத் தெருவில் கொண்டுபோய்க் கொட்டியிருப்பான். இவன் அத்தனையையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு நின்றான். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்கள். இனி இந்தக் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷம் வந்தாலும் ஒரு மூலையில் இந்தப் பேச்சு ஓடும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

“அவன விடுங்க அத்தை” என்றாள் பெரியவள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “அவனுக்கு விஷயமே தெரியாது. நான்தான் போய் உட்கார்ந்து தூங்கிட்டேன். பேச்சு முடியற வரைக்கும் தூங்கினேன். அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

அத்தை அவளையே பார்த்தாள். பிறகு அத்தையின் முகம் கனிந்தது. எழுந்து வந்து பெரியவளின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள்.

“பாத்தீங்களா?” என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். “இந்த நிலையிலயும் தம்பிய விட்டுக் கொடுக்கறாளா பாருங்க. அப்பன் சாகக் கிடக்கும்போது யாராவது தூங்குவாங்களா? இவளாவது தூங்கறதாவது! தங்கம்மா நீ.”

“அத்தை, சத்தியமாச் சொல்றேன், நான் தூங்கினேன்.”

“சரிடி, சரிடி” என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள். காலையில் வாசல் வரிசையில் நின்றவர்கள் பார்த்த அதே பார்வை. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது?

வெளியே வந்தாள். வாசல் ஓரத்தில் வாடகைக்கு வந்த பெஞ்சு ஒன்று கிடந்தது, அதில் உட்கார்ந்தாள். சின்னவன் அங்கே வந்து நின்றான், காபி டம்ளரோடு. அவள் வாங்கிக்கொண்டாள்.

“ஏண்டா சொல்லல நீ?”

“என்னன்னு சொல்றது?” என்றான். “நான் எழுப்பியிருந்தா நாம போயிருப்போம். அதானே நெசம்?”

“பெரிய மகான் இவரு” என்றாள். காபியில் சர்க்கரை இல்லை. அதையும் சொன்னாள். அவன் உள்ளே போய்ச் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தான். அவள் குடித்தாள். குடித்ததும், இத்தனை நேரம் எங்கேயோ ஒதுங்கியிருந்த அசதி மொத்தமாக வந்து கண்ணில் இறங்கியது.

“அப்பாவக் கொண்டுபோக வண்டி வரணும்ல, எப்ப வருமாம்?”

“கிளம்பிடுச்சாம். வந்துடும்.”

“நான் கொஞ்சம் கண்ண மூடறேன். வண்டி வந்தா எழுப்புவியா?”

“எழுப்பறேன்க்கா.”

“பாவம்னு விட்டுடுவே.”

“இல்லக்கா. எழுப்பிடறேன்.”

அவள் சுவரில் தலையைச் சாய்த்தாள். உள்ளே அத்தை இன்னொருவருக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. செருப்புகள் சரசரத்தன. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். திடுக்கிட்டு எழுந்து சேலையைச் சரி செய்தாள்.

“வந்துடுச்சா?”

“இல்லக்கா” என்றான் சின்னவன். “இன்னும் வரல.”

“அப்புறம் ஏண்டா எழுப்பினே?”

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தோளிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.